பல்லிக்குச் சொந்த அடுப்பு கிடையாது

மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கியதும் நல்லேப்பிள்ளி வீடுகளில் சுவர்ப்பல்லிகள் ஜாகை மாற்றுகின்றன. கூடத்துச் சுவரில் திரிந்தவை டியூப்லைட் பட்டைக்குப் பின்னாலும் ஃபிரிட்ஜின் முதுகிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கேதான் சூடு இருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் வளரும் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லிக்கு இந்த வசதி இல்லை. நாம் எங்கே வைக்கிறோமோ அங்கேயே கிடக்க வேண்டும்.

அதனால்தான் இந்த மாதங்களில் ஒரு புலம்பல் அடிக்கடி காதில் விழுகிறது: “ஒரு வாரமா பூச்சியைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குதுங்க. மருந்தை வாய்க்கிட்டக் கொண்டுபோனா மூஞ்சியைத் திருப்பிக்குது.” அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா? ஊட்டலாம். ஆனால் அது வரிசையில் கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை விட்டுவிட்டு ஊட்டினால், பட்டினியில் பிழைத்திருக்கக்கூடிய பிராணி சோறு தின்று சாகும். ஏன் என்று தெரிய அதன் உடம்புக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு சமையலறை. பாத்திரம் பண்டம் எல்லாம் இருக்கிறது, சமைக்க ஆளும் இருக்கிறது. அடுப்பு மட்டும் இல்லை. பானையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அடுப்புக்குப் போனால்தான் சோறு. பல்லியின் உடம்பு இதுதான். நமக்குள்ளே 37 டிகிரி அடுப்பு ஒன்று ராப்பகலாக எரிகிறது. நாம் தின்பதில் பெரும்பங்கு அதற்கு விறகாகவே போய்விடுகிறது. பல்லி அந்தச் செலவையே வைத்துக்கொள்ளவில்லை. தன் எடையே உள்ள எலி செலவழிப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு அது குடும்பம் நடத்திவிடும். சிக்கனத்துக்கு விலை உண்டு. வெளியிலிருந்து சூடு வராத நாளில் உள்ளே எந்த வேலையும் நடக்காது.

லெப்பர்ட் கெக்கோவின் பூர்வீகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு மூலை. பகலெல்லாம் பாறை இடுக்கில் கிடந்துவிட்டு இருட்டியதும் வெளியே வரும். வெயில் காய்வது குறைவு. பகலில் காய்ந்த கல்லின் மேல் வயிற்றை வைத்து, அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆகவே தொட்டியில் அதற்கு வேண்டியது தரையிலிருந்து வரும் சூடு. ஒரு ஓரத்துத் தரை 31 முதல் 33 டிகிரி, எதிர் ஓரம் 25-ஐ ஒட்டி. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். எது வேண்டும் என்பதை அது முடிவு செய்துகொள்ளும். தொட்டியின் அடியில் ஒட்டும் சூட்டுப் பாயும் அதை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்தே வாங்க வேண்டிய ஜோடி. தெர்மோஸ்டாட் இல்லாத பாய் வயிற்றைப் பொசுக்கிவிடும். மின்சாரத்தில் சூடாகும் போலிக் கல் அதைவிட மோசம், வாங்கவே வேண்டாம். தெர்மாமீட்டரின் முனை தொட்டிச் சுவரில் அல்ல, பல்லி படுக்கும் தரையில் இருக்கட்டும். கரண்ட் போகும் இரவுக்கு, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் ஒன்று போதும்.

சூடு இல்லாத வயிற்றில் பூச்சி விழுந்தால் என்ன ஆகும்? தணல் இல்லாத அடுப்பில் அரிசியைப் போட்டு மூடி வைத்தால் ஆவதுதான். அது வேகாது, ஊறி, நொதித்து, நாறும். செரிமான நொதிகள் வெதுவெதுப்பில் மட்டும் வேலை செய்பவை. குடலின் அசைவும் அப்படியே. இரண்டும் நின்றுபோன வயிற்றில் பூச்சி அழுகும், வாயு கட்டும், அதிர்ஷ்டம் இருந்தால் கக்கிவிடும். பசி இல்லை என்று அந்தச் சின்ன உடம்பு சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாம்தான் அதை அடம் என்கிறோம்.

நோய் வந்த பல்லிக்கு இன்னும் அதிகச் சூடு தேவைப்படும். இதை அழகாகக் காட்டியவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த மேத்யூ குளூகர். 1975-இல் அவரும் சகாக்களும் பாலைவன இகுவானாக்களுக்கு ஒரு பாக்டீரியாவைச் செலுத்தி, வெவ்வேறு வெப்பநிலைகளில் அடைத்து வைத்தார்கள். அதிகச் சூட்டில் இருந்தவை அதிகம் பிழைத்தன. விருப்பம்போல் நகர விட்டபோது நோயுற்றவை தாமாகவே சூடான பக்கம் போய் உட்கார்ந்தன. நமக்குக் காய்ச்சல் உள்ளிருந்து வருகிறது. பல்லி தன் காய்ச்சலைத் தேடி நடக்கிறது. அடுத்த ஆண்டு, ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த சோடியம் சாலிசிலேட்டைக் கொடுத்து அந்தக் காய்ச்சலைத் தடுத்துப் பார்த்தார்கள். தடுக்கப்பட்டவை செத்தன. நம் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து கால் மாத்திரை உடைத்துப் போடும் நல்ல மனசுக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சித்திரையில் கதை தலைகீழ். பாலக்காடு 40 டிகிரியைத் தொடும்போது ஓட்டு வீட்டு மாடியறைத் தொட்டி தானே அடுப்பாகிவிடும். அப்போதும் பல்லி தின்னாது. அந்த மாதங்களில் பார்க்க வேண்டியது குளிர்ந்த ஓரம் உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறதா என்பதை.

அடுப்பு மூண்டதும் அடுத்தது தண்ணீர். இந்த ஊரில் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கிழக்கேயிருந்து கணவாய் வழியாக வரும் காற்று வாசலில் காயப்போட்ட துணியை ஒரு மணி நேரத்தில் மொறமொறப்பாக்குகிறது. கண்ணாடித் தொட்டியின் ஈரத்தை மட்டும் விட்டுவைக்குமா? பல்லி, யூரியாவைத் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுவதில்லை. யூரிக் அமிலத்தை வெள்ளைப் பசையாகத் தள்ளிவிடும். எச்சத்தின் முனையில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைத்துண்டுதான் அதன் சிறுநீர். தண்ணீர் குறைந்தால் பசை இறுகும், மஞ்சளாகும், சுண்ணாம்புக் கல்போல் ஆகும். சமையலறைத் தொட்டியின் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொள்வதைப் போல சிறுநீரகத்துக்குள்ளேயே படிகமாகும். அடைத்த தொட்டிக்கு மேலே மேலே பாத்திரம் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

உள்ளே போன கண்கள், இழுத்துவிட்டால் மெதுவாகவே சமமாகும் தோல், கம்பி இழுக்கும் எச்சில் ஆகியவை நீர் வற்றியதன் அடையாளங்கள். மூடியுள்ள டப்பா ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீரை வயிறு நனையும் அளவுக்கு ஊற்றிக் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். கூட இருந்து பார்க்க வேண்டும். துவண்ட பிராணி விரற்கடைத் தண்ணீரிலும் மூழ்கும். தொட்டிக்குள் ஈரப் பாசியோ ஈரத் துணியோ போட்ட ஒரு சிறு குகையும் இருக்கட்டும். தோல் உரிக்கும் நாட்களில் அது இன்னும் முக்கியம். உரியப்போகும் பல்லி சாம்பல் பூத்ததுபோல் வெளுக்கும், அந்த ஓரிரு நாள் தின்னாது, பிறகு உரித்த சட்டையையே தின்றுவிடும். அதை நோய் என்று பயப்பட வேண்டியதில்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் வாரக்கணக்கில் உண்ணாமல் திரிவதும் உண்டு.

எத்தனை நாள் பொறுக்கலாம் என்பதற்கு விடை வாலில் இருக்கிறது. கெக்கோவின் குதிர் அதன் வால். கொழுப்பில் பெரும்பகுதி அங்கேதான். வால் கழுத்தளவுக்குத் தடித்திருந்தால் வளர்ந்த பிராணி சில வாரப் பட்டினியைத் தாங்கும். எலும்பு தெரியும் பென்சிலாக இளைத்துவிட்டால் குதிர் காலி. கண்ணால் பார்த்துச் சொல்லாமல் கிராம் காட்டும் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வைக்க வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டால் வீட்டு வைத்தியம் முடிந்தது, மருத்துவரிடம் கிளம்ப வேண்டும். பிடிக்கும்போது வாலைப் பிடித்துவிடாதீர்கள். பயந்தால் கழற்றிவிடும், பஞ்ச காலத்தில் குதிரையே தூக்கிக் கொடுத்ததாக ஆகும்.

சூடும் தண்ணீரும் சரியாகிச் சில நாள் ஆன பிறகும் தின்னவில்லை என்றால்தான் நோயைத் தேட வேண்டும். வாயைப் பாருங்கள். ஈறு சிவந்து, தயிர்போல் ஏதேனும் படிந்திருந்தால் அது வாய்ப்புண். கீழ்த்தாடை ரப்பர் மாதிரி வளைந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. பல்லி தின்ன மறுக்கவில்லை, அதற்குக் கடிக்க முடியவில்லை. தூவிக்கொடுக்கும் கால்சியம் பொடியையும் வைட்டமின் டி3-யையும் மாதக்கணக்கில் விட்டதன் விளைவு இது. தரையில் மணல் போட்டு வளர்த்திருந்தால் வயிற்றில் மணல் அடைத்திருக்கலாம். நன்றாகத் தின்றும் வால் மட்டும் குச்சியாகிக்கொண்டே போனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். அது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும், முழுக்கக் குணமாக்குவது கடினம், உடனே தனித்தொட்டி. எச்சத்தைப் பரிசோதிக்காமல் இதைச் சொல்ல முடியாது.

இனி ஊட்டும் கதை. நம் வீடுகளில் டைபாய்டு படுத்தெழுந்தவருக்கு முதல் நாளே பிரியாணி போடுவார்களா? கஞ்சித் தண்ணீர், பிறகு குழைந்த கஞ்சி, பிறகு ரசம் சாதம். கெக்கோவுக்கும் அதே வரிசை, அதற்குக் காரணமும் உண்டு. வெகுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சத்து நுழைந்தால், ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்கள் ஒரே மூச்சில் உள்ளே இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அவை தீர்ந்துபோய் இதயம் தடுமாறும். ஆகவே ஊனுண்ணிகளுக்கென்று விற்கும் மாவைத் தண்ணீராகக் கரைத்து, தேவையில் ஒரு பங்கோடு தொடங்கி, நாள்பட நாள்பட இறுக்கிக்கொண்டு போவார்கள்.

வாயைப் பிளக்கத் தேவையும் பெரும்பாலும் இருக்காது. ஊசி கழற்றிய சின்ன சிரிஞ்சால் மூக்கு நுனியில் ஒரே ஒரு சொட்டு வையுங்கள். சில நொடி ஒன்றும் நடக்காது. கெக்கோ கல்லாக உட்கார்ந்திருக்கும். பிறகு தட்டையான ரோஜா நிற நாக்கு வெளியே வந்து, மூக்கைச் சாவகாசமாக வழித்துக்கொண்டு உள்ளே போகும். அடுத்த சொட்டு. இப்படிக் கால் மில்லி இறங்கப் பொறுமை வேண்டும், ஆனால் எதுவும் தவறான குழாயில் போகாது. வலுக்கட்டாயமாகத் திறந்த வாயில் நாக்கின் பின்புறம் மூச்சுக்குழாயின் துவாரம் திறந்து மூடுவதைப் பார்க்கலாம். பீய்ச்சிய கஞ்சி நேரே அங்கே போய்ச் சேரும், பிறகு நுரையீரல் அழற்சிதான்.

மருந்துக்கும் இதே சொட்டு வித்தை சில சமயம் பலிக்கும். பலிக்காததற்குக் காரணம் கசப்பு. என்ரோஃப்ளாக்சசினும் மெட்ரோனிடசோலும் மனிதன் நாக்கில் வைத்தாலே முகம் கோணும். அப்போது ஊசிதான், அதற்கும் மருத்துவர்தான். “காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு எழுதாம, மூணு நாளுக்கு ஒருக்கா போதும்னு எழுதிட்டாரே டாக்டர்” என்று சந்தேகப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் வேண்டாம். சிறு தீயில் எதுவும் சீக்கிரம் வற்றாது. இந்த உடம்பில் மருந்தும் மெதுவாகவே கழியும். ஊர்வனவற்றுக்குச் செப்டாசிடைம் ஊசியை 72 மணி நேர இடைவெளியில் போடுவது வழக்கமான கணக்கு. பின்னங்காலில் போடாமல் முன்னங்கால் பக்கம் போடுவதும் வழக்கம்: வாலிலிருந்தும் பின்னங்காலிலிருந்தும் திரும்பும் ரத்தத்தில் ஒரு பகுதி இதயத்துக்குப் போகும் முன் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. அமிகாசின்போல் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து, நீர் வற்றிய உடம்பில் இறங்கினால் நோயைவிட அதுவே கேடு. தண்ணீரைப் பற்றி அத்தனை விரித்துச் சொன்னது இதற்காகவும்தான்.

மாடு, ஆடு, நாய் பார்க்கும் உள்ளூர் மருத்துவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 60 கிராம் பிராணி அவர்கள் மேஜைக்கு எப்போதோ ஒன்று வருகிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்தவர்களுக்குக் கைக்கெட்டும் பெரிய இடம் 1955-இல் தொடங்கிய மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி. போகும்போது காற்றோட்டமுள்ள சின்ன டப்பா, அடியில் டிஷ்யூ பேப்பர், வெளியே துணி சுற்றிய வெந்நீர் பாட்டில், இன்னொரு கவரில் புதிய எச்சம். தொட்டிச் சூட்டின் அளவையும் எடைக் குறிப்பையும் எழுதி எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

இரையைப் பற்றி ஒன்று. வயலில் தத்துப்பூச்சி நிறையக் கிடைக்கிறதே என்று நெல்வரப்பில் பிடித்து வந்து போடாதீர்கள், அதன் மேல் என்ன மருந்து அடித்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தின்னாத பிராணியின் தொட்டியில் உயிருள்ள சில்வண்டை இரவில் விட்டுவைக்கவும் கூடாது. பசித்த சில்வண்டு துவண்ட பல்லியின் விரலைக் கடிக்கும்.

காட்டுப்பல்லியைப் பிடித்து வந்து இத்தனையும் செய்ய நினைப்பவர்கள் நினைப்பை அங்கேயே விட்டுவிடலாம். கணவாய்க்குத் தெற்கே நிற்கும் ஆனைமலையின் பெயரிலேயே ஒரு பல்லி இனம் உண்டு. 1875-இல் விலங்கியலாளர் குந்தர் விவரித்தது. அது மழைக்காட்டு மரப்பட்டையில் இருக்க வேண்டியது. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு இனங்களை வைத்திருப்பவர்களும் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்தாக வேண்டும்.

தின்னத் தொடங்கியதும் விருந்து வைத்துவிடாதீர்கள். ஒரு சின்னப் பூச்சி, அது எச்சமாக வெளியே வரும்வரை பொறுத்து அடுத்தது. எச்சம் வந்தால்தான் உள்ளே அடுப்பு எரிகிறது என்று அர்த்தம். கிண்ணத்தையும் டப்பாவையும் வாசல் குழாயடியில் தனி பிரஷ் வைத்துக் கழுவுங்கள், கையைச் சோப்புப் போட்டு அலம்புங்கள். ஆரோக்கியமான பல்லியின் குடலிலும் சால்மோனெல்லா இருக்கும். அதைச் சமையலறைத் தொட்டிக்குக் கொண்டுவந்தால் அடுத்துக் கஞ்சி குடிக்க வேண்டியவர்கள் நாம்தான்.