விளக்கேற்றும் ஆடிக் காற்று!

தேவாரம் என்றதும் கோயிலும் பதிகமும்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். அந்தப் பெயரில் தேனி மாவட்டத்தில் ஓர் ஊரும் இருக்கிறது. போடிநாயக்கனூருக்குத் தெற்கே, மேற்கு மலைத் தொடரின் காலடியில் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் அங்கே போகிறவர்கள் மேல்துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் துண்டு அடுத்தவர் தோட்டத்துக்குப் போய்விடும்!

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பார்கள். அம்மி பறந்ததை யாரும் பார்த்ததில்லை. ஆனால் பல டன் எடையுள்ள யந்திரத்தை அந்தக் காற்று சுழற்றுவதை இந்த வட்டாரத்தில் கண்ணால் காணலாம். தோட்டங்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று காற்றாலைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று கைகள்.

மாடத்து அகல் விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் போகும் காற்று, இங்கே மின்சார விளக்கை ஏற்றுகிறது. அது எப்படி?

மலை விட்ட வழி

கோடையில் நம் நாட்டு நிலப்பரப்பு கொதிக்கிறது. சூடேறிய காற்று லேசாகி மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. இதுதான் தென்மேற்குப் பருவக்காற்று. வழியில் மலை குறுக்கிடுகிறது. கேரளப் பக்கத்தில் மழையைக் கொட்டி, ஏலத் தோட்டங்களை நனைத்துவிட்டு, ஈரம் குறைந்து இந்தப் பக்கம் இறங்குகிறது. மழை அவர்களுக்கு, காற்று நமக்கு!

மலைத்தொடர் எங்கும் ஒரே உயரமாக இல்லை. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய இடங்களில் காற்று புகுந்து வரக் கணவாய்கள் இருக்கின்றன. அகன்ற வாய்க்கால் நீர் குறுகிய மடையில் புகும்போது வேகம் பிடிக்கிறதல்லவா? கணவாயில் காற்றும் அப்படித்தான்.

இதே மலைக்கு அப்பாலிருந்துதான் பெரியாற்று நீரும் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. அணை கட்டி, மலையைக் குடைந்து, 1895-ல் அதைக் கொண்டுவந்தார் பென்னி குக். 1958-ல் அந்த நீரைக் கொண்டு கூடலூருக்கு அருகே லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். நீருக்கு மலையைக் குடைய வேண்டியிருந்தது. காற்றுக்கு மலையே வழி விட்டிருக்கிறது.

கோபுரத்தின் உச்சியில்

ஆலையின் கை வெறும் தட்டைப் பலகை அல்ல. விமான இறக்கையைப் போல வளைத்துச் செய்யப்பட்டது. காற்று அதன் இருபுறமும் வழுக்கி ஓடும்போது ஒருபுறம் அழுத்தம் குறைகிறது. விமானத்தை மேலே தூக்கும் அதே விசை இங்கே கையை வட்டமாக இழுக்கிறது.

தூரத்திலிருந்து பார்த்தால் சோம்பேறித்தனமாகச் சுற்றுவதுபோல் இருக்கும். ஏமாந்துவிடக் கூடாது! 80 மீட்டர் விட்டமுள்ள ஆலை நிமிஷத்துக்கு 16 சுற்றுச் சுற்றினால், கையின் நுனி மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது.

கைகளுக்குப் பின்னால், கோபுர உச்சியில், பெரிய பெட்டி ஒன்று தெரியும். ரகசியம் அதற்குள் இருக்கிறது. 1831-ல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த உண்மைதான் அந்த ரகசியம். கம்பிச் சுருளுக்கு அருகே காந்தம் அசைந்தால் கம்பியில் மின்சாரம் உண்டாகும். மிதித்தால் விளக்கெரியும் சைக்கிள் டைனமோவில் நடப்பதும் இதுதான். ஆனால் நிமிஷத்துக்கு 16 சுற்று, சாதாரண ஜெனரேட்டருக்குப் போதாது. ஆகவே பெரும்பாலான ஆலைகளில் நடுவே பல்சக்கரப் பெட்டி வைத்து, சுழற்சியை 1,500 சுற்று வரை ஏற்றுகிறார்கள். 690 வோல்ட்டில் பிறக்கும் மின்சாரத்தை டிரான்ஸ்பார்மர் 33,000 வோல்ட்டாக உயர்த்தி, லைனுக்கு அனுப்பிவிடுகிறது.

ஊரில் கரண்ட் போயிருக்கும். காற்றோ பிய்த்துக்கொண்டு போகும். ஆனாலும் காற்றாலை சும்மா நிற்கும். "இது என்ன கூத்து?" என்று தோன்றும். விஷயம் இதுதான்: பழைய ரக ஜெனரேட்டர்களில் நிரந்தரக் காந்தம் கிடையாது. லைனிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தைக் கடன் வாங்கித்தான் அவை தம் சுருளைக் காந்தமாக்கிக்கொள்ளும். லைன் செத்துவிட்டால் கடன் கொடுக்க ஆளில்லை. கடன் வாங்கித் தொழில் நடத்துகிற முதலாளியின் கதைதான்!

இரண்டுக்கு எட்டு

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மின்சாரமும் இரண்டு மடங்காகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை, எட்டு மடங்காகும்! வேகம் கூடினால் ஒவ்வொரு விநாடியும் வந்து சேரும் காற்றும் கூடுகிறது. அந்தக் காற்றின் தாக்கும் சக்தியும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து இந்த விந்தையைச் செய்கின்றன.

நாம் சொன்ன 80 மீட்டர் ஆலையையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், அதன் வட்டத்துக்குள் விநாடிக்குச் சுமார் 72 டன் காற்று நுழைகிறது. அதிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோவாட் எடுக்கலாம். வேகம் பாதியானால் கிடைப்பது 250 கிலோவாட் சுமார்தான்.

காற்றிலுள்ள சக்தி முழுவதையும் கறந்துவிட முடியாது. அப்படிக் கறந்தால் காற்று அங்கேயே நின்றுவிடும். பின்னால் வருவதற்கு வழி இராது. நூற்றுக்கு 59 பங்குக்கு மேல் எடுக்க முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார் ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி. நடைமுறையில் 40 பங்கு கிடைத்தாலே நல்ல ஆலைதான்.

இரண்டுக்கு எட்டு என்னும் இந்தக் கணக்கினால்தான் காற்றை அளக்காமல் ஆலை வைப்பது சூதாட்டம் ஆகிறது. "எங்கள் ஊரில் நல்ல காற்று" என்ற பேச்சு இங்கே செல்லாது. எவ்வளவு, எந்த மாதம், எத்தனை மணி நேரம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னவர் இந்த ஏலமலையிலேயே பிறந்த ஒரு பெண்மணி!

வைரத் தோடு வேண்டாம்!

அன்னா மாணி 1918-ல் பீர்மேட்டில் பிறந்தார். தகப்பனாருக்கு ஏலத் தோட்டங்கள் இருந்தன. எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத் தோடு கொடுத்தார்கள். "வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கிக் கொடுங்கள்" என்றாளாம் சிறுமி! வேடிக்கை என்னவென்றால், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்தபின், பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் அவர் ஆராய்ந்தது வைரங்களைத்தான். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று காரணம் சொல்லி டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அவர் அதற்காக உட்கார்ந்து அழவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று வந்து, 1948-ல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார்.

1976-ல் ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. நாடெங்கும் காற்றின் வேகத்தை அளந்து தொகுக்கும் வேலையில் இறங்கினார். 1983-ல் மூலே என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து இந்தியாவின் காற்றுச் சக்தி விவரங்களை நூலாக வெளியிட்டார். தவறாக அளப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவர் கொள்கை.

1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை எழுந்தது. ஆலைக்கு 55 கிலோவாட்! இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அன்னா மாணி 2001-ல் காலமானார்.

காற்றுக்கு ஏது அணை?

அளந்தாயிற்று, மின்சாரமும் எடுத்தாயிற்று. ஆனால் சேர்த்து வைப்பது எப்படி? பெரியாற்று நீரை அணையில் தேக்கி, வேண்டியபோது மதகைத் திறக்கலாம். ஆடிக் காற்றைத் தேக்க முடியுமா? பிறந்த மின்சாரத்தை அந்தக் கணமே யாராவது செலவழித்தாக வேண்டும். மாலையில் காற்று திடீரென்று படுத்துவிட்டால், வேறு மின் நிலையங்கள் அந்தக் குறையை ஈடு செய்ய வேண்டும். மழை பெய்து குளிர்ந்த இரவில் காற்று வெளுத்து வாங்கினாலோ, வாங்க ஆளில்லாமல் ஆலையை நிறுத்தச் சொல்லும் நிலைமையும் வருகிறது. ஓடுகிற காற்றைச் சும்மா விட்டுவிட்டு நிற்கும் ஆலையைப் பார்த்தால் நமக்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது!

நம் நாட்டுக் காற்றாலைகள் பலவற்றுக்குச் சொந்தக்காரர்கள் பஞ்சாலைக்காரர்கள். ஆடியில் லைனுக்குக் கொடுத்த யூனிட்டை வரவு வைத்துக்கொண்டு, காற்றில்லாத மாதத்தில் திருப்பித் தரும் ஏற்பாட்டை மின்சார வாரியம் அவர்களுக்குச் செய்து கொடுத்தது. சேமிப்பில் இருந்தது கணக்குத்தான், காற்று அல்ல. மெய்யாகவே சேமிக்க வேண்டுமானால் கோவை மாவட்டத்துக் காடம்பாறைக்குப் போக வேண்டும். அங்கே மிஞ்சிய மின்சாரத்தைக் கொண்டு கீழ் அணை நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை வரும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். திறன் 400 மெகாவாட். பத்தாயிரத்துக்கு நானூறு, யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஐப்பசி பிறந்தால் மேற்கே இருந்து வரும் காற்று ஓய்ந்துவிடும். கைகள் அசையாமல் நிற்கும் நாட்கள் அதிகமாகும். ஆலைக்காரர்களுக்கு அப்போதுதான் வேலை. கோபுரத்துக்குள் இருக்கும் ஏணியில் ஏறி, உச்சியிலுள்ள பெட்டியைத் திறந்து, எண்ணெய் மாற்றி, மறைகளை முடுக்கி, கைகளில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வைகாசிக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.