சூழல் மாறிகளும் இணையத் தரவுப் போக்குவரத்தும்

ஒரு கருவியின் ஒழுகலாற்றை இருவகையால் வரையறுத்தல் கூடும். ஆக்குவோன் ஆக்குங்காலத்திலேயே அதனை உள்ளே அமைத்துவிடுதல் ஒருவகை. இயக்குவோன் தன் இடத்தின் இயல்புக்கேற்பப் புறத்தே நின்று அறிவுறுத்துதல் மற்றொருவகை. கணனிச் செய்நிரல்களுக்கு இவ்விரண்டாம் வகையான் அறிவுறுத்தும் வழிகளுள் பழைமையும் எளிமையும் ஒருங்குடையது சூழல் மாறி. இணையவழித் தரவுகளைக் கொணர்தற்கும் அனுப்புதற்கும் பயன்படும் லிப்கேர்ள் என்னும் செய்நிரல் நூலகம் இம்மாறிகளுள் எவற்றை ஏற்கின்றது, எதனை ஏற்க மறுக்கின்றது, அம்மறுப்பின் காரணம் யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

சூழல் மாறியென்பது ஒரு பெயரும் அதற்குரிய பெறுமானமும் சமக்குறியால் இணைந்த ஒரு சிறு தொடரேயாம். 1979 ஆம் ஆண்டில் வெளிவந்த யுனிக்ஸ் பணிசெயல் முறைமையின் ஏழாம் பதிப்பில் இவ்வேற்பாடு இடம்பெற்றது. ஒரு செய்நிரல் மற்றொன்றைத் தொடக்கும்பொழுது தன் சூழலின் படியொன்றை அதற்கு அளிக்கின்றது. தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் செல்லும் முதுசொம் போன்றது இது. ஆயினும் மைந்தன் தன் படியிற் செய்யும் மாற்றம் தந்தையைச் சென்றடைவதில்லை.

சுவீடன் நாட்டவரான டானியல் ஸ்ரென்பேர்க் என்பார் 1998 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கேர்ள் என்னும் கருவியை அப்பெயரோடு வெளியிட்டார். அதன் உள்ளுறுப்பு 2000 ஆம் ஆண்டில் லிப்கேர்ள் என்னும் தனி நூலகமாயிற்று. பிற செய்நிரல்கள் தத்தமக்கெனப் போக்குவரத்து வேலையைப் புதிதாக எழுதாது இந்நூலகத்தைத் துணைக்கொள்கின்றன. ஆகலின், இதன் ஒழுக்கத்தை மாற்றும் ஒரு மாறி, இதனைத் துணைக்கொண்ட பல செய்நிரல்களின் ஒழுக்கத்தையும் மாற்றவல்லதாகின்றது.

இம்மாறிகளுள் தலையாயவை பதிலிச் சேவையகத்தைக் குறிப்பன. ஒரு நிறுவனத்தின் கணனிகள் நேரே இணையத்தை அடையாது, இடைநின்ற ஒரு கணனியின் வழியாகவே அடைதல் வேண்டுமெனின், அவ்விடைநின்ற கணனி பதிலி அல்லது புறொக்சி எனப்படும். நடப்பொழுங்கின் பெயர், அடிக்கோடு, புறொக்சி என்னுஞ் சொல் ஆகிய மூன்றும் இணைந்து மாறியின் பெயராகும். பதிலியின் முகவரியும் துறையிலக்கமும் அதன் பெறுமானமாகும். துறையிலக்கம் கூறப்படாதவிடத்து 1080 என்றே கொள்ளப்படும். குறித்த நடப்பொழுங்குக்குரிய மாறி இல்லாதவிடத்து, 'எல்லாம்' எனப் பொருள்படும் 'ஓல்' என்னும் ஆங்கிலச் சொல்லை முதலாகவுடைய பொதுமாறி நோக்கப்படும். பெயரின் சிற்றெழுத்து வடிவம் முன்னரும், பேரெழுத்து வடிவம் பின்னரும் தேடப்படும்.

பதிலியின் வழிச் செல்லவேண்டாத இடங்களை விலக்குதற்கு 'நோ புறொக்சி' என்னும் மாறி உண்டு. இடங்களின் பெயர்கள் காற்புள்ளியாற் பிரிக்கப்பட்டு இதில் எழுதப்படும். ஒரு பெயரைக் கூறின் அதன் கீழ் அமைந்த கிளைப்பெயர்களும் அடங்கும். உடுக்குறி ஒன்றையே இடின் எல்லா இடங்களும் விலக்கப்படும்.

சூழல் ஒன்றைக் கூற, செய்நிரலை எழுதியவன் வேறொன்றைக் கூறின் எது வெல்லும் என்னும் வினா எழும். செய்நிரலின் வெளிப்படையான கூற்றே வெல்லும். அதனுள் பதிலியின் பெயர் வெறுந்தொடராக இடப்படின், சூழல் யாது கூறினும் பதிலி பயன்படுத்தப்படாது. யாதும் கூறாது விடுதலும் வெறுந்தொடரைக் கூறுதலும் ஒன்றல்ல. முன்னையது சூழலுக்கு இடந்தரும். பின்னையது அதன் வாயிலை அடைக்கும்.

மேற்கூறிய எழுத்து விதிக்கு ஒரு விலக்கு உண்டு. எச்.ரி.ரி.பி. நடப்பொழுங்குக்குரிய பதிலி மாறியைச் சிற்றெழுத்தில் மாத்திரமே லிப்கேர்ள் ஏற்கும். பேரெழுத்து வடிவத்தைப் பொருட்படுத்தாது. இதன் காரணம் ஆராயத்தக்கது. சீ.ஜி.ஐ. என்னும் முறைப்படி இயங்கும் வலைச் சேவையகம், வெளியார் அனுப்பும் வேண்டுகோளின் தலைப்புகள் ஒவ்வொன்றையும் 'எச்.ரி.ரி.பி.' என்னும் முன்னொட்டுடன் பேரெழுத்திலமைந்த சூழல் மாறியாக ஆக்கித் தன் செய்நிரலுக்கு அளிக்கின்றது. வெளியார் ஒருவர் 'புறொக்சி' என்னும் தலைப்பை அனுப்புவாராயின், அது பதிலி மாறியின் பெயரையே பெற்றுவிடும். அதனை நம்பும் செய்நிரல், தான் பிற சேவையகங்களுக்கு அனுப்பும் வேண்டுகோள்களை அவ்வந்நியர் காட்டிய கணனியின் வழியே செலுத்தும். மறைகுறியாக்கப்படாத வேண்டுகோளாயின், அதனுள் அடங்கிய கடவுச்சொல் முதலியன அவர் கைப்படும்.

இக்குறை கேர்ளில் 2001 ஆம் ஆண்டில் அறியப்பட்டுத் திருத்தப்பட்டது. ஆயினும் அப்படிப்பினை பிறரைச் சென்றடையவில்லை. 2016 ஆம் ஆண்டு ஜூலையில் இக்குறையே பி.எச்.பி., கோ, பைதன் முதலிய மொழிகளின் சூழல்களிற் கண்டறியப்பட்டு, எச்.ரி.ரி.பொக்சி என்னும் பெயராற் பரவலாக அறிவிக்கப்பட்டது. வின்டோஸ் முறைமையில் மாறிப்பெயர்கள் சிற்றெழுத்து, பேரெழுத்து வேறுபாடு உடையன அல்லவாதலின், அங்கு எழுத்து வேறுபாட்டாற் காவல் பெறுதல் இயலாது. ஆதலின் அத்தலைப்பைச் சேவையகத்தின் வாயிலிலேயே நீக்கிவிடுதல் தக்க பரிகாரமாம்.

வேறொரு மாறியும் கருதத்தக்கது. 'எஸ்.எஸ்.எல். கீ லொக் பைல்' என்னும் மாறியில் ஒரு கோப்பின் பெயர் இடப்படின், மறைகுறியாக்கத்தைத் திறத்தற்குரிய இரகசியங்கள் அக்கோப்பில் எழுதப்படும். பிழை ஆராய்வோர்க்கு இது பெருந்துணை. ஆராய்ச்சி முடிந்தபின் நீக்காது விடப்படின், பூட்டிய வீட்டின் திறவுகோலை வாயிற்படியில் வைத்தது போலாம்.

சூழல் மாறி கட்டளையிடுவோனின் பெயரைத் தாங்கிவருவதில்லை. நிருவாகி இட்டதும் அந்நியன் புகுத்தியதும் செய்நிரலுக்கு ஒரே தோற்றத்தனவே. ஆதலின், சூழலை அமைக்கும் உரிமை யாரிடம் உள்ளதோ அவரிடமே தரவு செல்லும் வழியும் உள்ளது. செய்நிரல் எழுதுவோர் சூழலுக்கு இடந்தரும் முன்னர், அச்சூழலை அமைப்பவர் யாவர் என்பதை ஆராய்ந்து தெளிதல் கடனாகும்.