ஒரே ஒரு "வேண்டாம்"

வகுப்பில் எல்லாரும் "சரி" என்று கை தூக்குகிறார்கள். உங்களுக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. என்ன செய்வீர்கள்? பேசாமல் நீங்களும் கை தூக்கிவிடுவீர்களா?

அப்படித் தூக்காத ஒருவரைப் பற்றித்தான் இந்தப் பாடம். அவர் பெயர் ஜெனட் ராங்கின்.

ஜெனட் 1880-இல் அமெரிக்காவின் மொன்டானாவில் பிறந்தார். அந்தக் காலத்தில் அங்கே பெரும்பாலான இடங்களில் பெண்களுக்கு ஓட்டு கிடையாது. "ஏன் கிடையாது?" என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார் ஜெனட். 1914-இல் மொன்டானா பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. இரண்டே வருடத்தில் அவரே தேர்தலில் நின்று ஜெயித்தார். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர்தான்!

1917 ஏப்ரலில் அவர் பதவி ஏற்றார். அதே வாரம், ஜெர்மனியோடு போருக்குப் போகலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. அவருடைய சபையில் 50 பேர் "வேண்டாம்" என்றார்கள். ஜெனட்டும் அவர்களில் ஒருவர். அடுத்த வருடம் செனட் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார்.

பல வருடங்கள் கழித்து, 1940-இல் மறுபடியும் ஜெயித்தார். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் விமானங்கள் பேர்ல் துறைமுகத்தில் குண்டு போட்டன. நாடே கோபத்தில் கொதித்தது. மறுநாள் சபையில் போருக்கு "ஆம்" என்றவர்கள் 388 பேர். "வேண்டாம்" என்றவர் ஒருவர்தான். முதல் தடவை ஜெனட்டோடு 49 பேர் இருந்தார்கள். இந்தத் தடவை யாருமே இல்லை.

கோபமான கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. அவர் ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போலீஸ் வந்துதான் அவரைப் பத்திரமாக அழைத்துப் போனது. அதன்பிறகு அவர் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. பல முறை இந்தியாவுக்குப் போய், காந்தியடிகளின் அகிம்சை வழியைப் பற்றித் தெரிந்துகொண்டார். 1968-இல், 87 வயதில், வியட்நாம் போரை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்களோடு ஊர்வலம் போனார்!

ஜெனட் செய்தது சரியா? "அடித்தால் திருப்பி அடிக்காமல் இருக்க முடியுமா?" என்று அன்று பலர் கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் மனதுக்குச் சரி என்று பட்டதைத் தனியாக நின்று சொல்ல நிறையத் தைரியம் வேண்டும், இல்லையா?

யோசித்துச் சொல்லுங்கள்

1. 1917, 1941 வாக்கெடுப்புகளுக்கு இடையே என்ன வித்தியாசம்?
2. அன்று நீங்கள் அந்தச் சபையில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஏன்?