இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் வைஃபை

பெரிய மருத்துவமனையிலோ ஐ.டி. அலுவலகத்திலோ, வைஃபையில் வாட்ஸ்அப் அழைப்பு பேசிக்கொண்டே தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து போகிறீர்கள். பேச்சு அறுபடவில்லை. ஆனால், அந்த நடைக்குள் உங்கள் போன் பல முறை இணைப்பு மாறியிருக்கக்கூடும். கூரையில் பொருத்தியிருக்கும் வைஃபை கருவியான அக்சஸ் பாயின்ட் ஒவ்வொன்றுக்கும் கட்டடத்துக்குள் சில பத்து மீட்டர்தான் எல்லை. ஒன்றின் எல்லை முடிவதற்குள் அடுத்ததற்குப் போன் மாறிக்கொள்வதே வைஃபை ரோமிங்.

எப்போது மாறுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? செல்போன் அழைப்பின்போது எந்தக் கோபுரத்துக்கு மாற வேண்டும் என்று நெட்வொர்க் கட்டளையிடும். வைஃபையில் முடிவு போனின் கையில். ஐபோனுக்கான கணக்கை ஆப்பிள் நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே, அதாவது ஒரு மில்லிவாட்டில் ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால், போன் வேறு அக்சஸ் பாயின்ட்டைத் தேடத் தொடங்கும். தரவு போய்வந்துகொண்டிருந்தால் புதியது 8 டெசிபலாவது வலுவாக இருக்க வேண்டும். போன் சும்மா இருந்தால் 12 டெசிபல். இந்த இடைவெளி இல்லாவிட்டால் இரண்டு அக்சஸ் பாயின்ட்டுகளுக்கு நடுவில் நிற்கும் போன் இங்கும் அங்கும் மாறிக்கொண்டே இருக்கும்.

மாறும்போது இன்னொரு சிக்கல் உண்டு. அலுவலக வைஃபையில் ஒவ்வொரு ஊழியருக்கும் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். அக்சஸ் பாயின்ட் மாறும்போதெல்லாம் அடையாளச் சோதனை முழுவதையும் புதிதாக நடத்தினால் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். இதைத் தீர்க்க 2008இல் 802.11ஆர் என்ற தரநிலை வந்தது. மறையாக்கச் சாவிக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைப்பதால், மாறும் நேரம் வெகுவாகக் குறைந்தது. அக்கம்பக்கத்து அக்சஸ் பாயின்ட்டுகளின் பட்டியலைப் போனுக்குத் தருவது 802.11கே. ‘அந்தப் பக்கம் போய்விடு’ என்று நெட்வொர்க் யோசனை சொல்ல வழி செய்வது 802.11வி.

போன் அடுத்த இணைப்பைத் தேடும்போது அனுப்பும் சிக்னல், அதே சேனலில் இருக்கும் மற்ற அக்சஸ் பாயின்ட்டுகளுக்கும் கேட்கும். மூன்று இடங்களில் அது எவ்வளவு வலுவாகக் கேட்டது என்று பார்த்தால், போன் எங்கே இருக்கிறது என்று கணிக்கலாம். சுவரும் இரும்பு அலமாரியும் மனித உடலும் அலையைத் தடுப்பதால் கணிப்பு பல மீட்டர் தவறும். 2000ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பரம்வீர் பால், வெங்கட பத்மநாபன் இருவரும் ‘ரேடார்’ என்ற முறையில் இதற்கு வழி கண்டார்கள். கட்டடத்தின் பல புள்ளிகளில் சிக்னல் எப்படி இருக்கிறது என்று முதலில் அளந்து பதிந்துகொண்டு, பிறகு அதோடு ஒப்பிட்டார்கள். பிழை 2, 3 மீட்டராகச் சுருங்கியது. இன்று சிக்னல் போய்வரும் நேரத்தையே அளக்கும் முறையும் வந்துவிட்டது. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். அந்த நுட்பத்தில் நேரத்தை அளந்தால் ஓரிரு மீட்டருக்குள் ஆளைச் சொல்லிவிடலாம். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 இதற்கு இடம் கொடுத்தது.

வைஃபை மூலம் இடம் அறிவதன் பயனை லண்டன் காட்டியது. 2016 நவம்பர், டிசம்பரில் நான்கு வாரங்கள், 54 சுரங்க ரயில் நிலையங்களின் வைஃபை மூலம் 56 லட்சம் கருவிகளின் நடமாட்டத்தைப் போக்குவரத்து நிர்வாகம் பதிவு செய்தது. கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூவுக்குப் பயணிகள் 18 வெவ்வேறு வழிகளில் போவது அப்போதுதான் தெரிந்தது. பயணச்சீட்டு ஏறிய இடத்தையும் இறங்கிய இடத்தையும் மட்டுமே சொல்லும். நடுவில் எங்கே மாறினார்கள், எங்கே நெரிசலில் நின்றார்கள் என்பதை வைஃபைதான் சொன்னது. கருவி எண்களை அடையாளம் தெரியாதபடி மாற்றினார்கள். நிலையங்களில் அறிவிப்பு வைத்தார்கள். விரும்பாதவர்கள் வைஃபையை அணைத்துவிடலாம் என்றும் சொன்னார்கள்.

அதே நகரில் 2013இல், தெருக் குப்பைத்தொட்டிகளில் கருவிகளை வைத்து வழிப்போக்கர்களின் போன்களை ஒரு நிறுவனம் பதிவு செய்தபோது, நகர நிர்வாகம் அதை நிறுத்தச் சொன்னது. தொழில்நுட்பம் ஒன்றுதான். நடப்பவருக்குச் சொன்னார்களா, இல்லையா என்பதே வித்தியாசம்.

போன் தயாரிப்பாளர்களும் காப்பு தேடினார்கள். போனின் நிரந்தர அடையாள எண்ணான மேக் முகவரிக்குப் பதில் போலி முகவரியை அனுப்பும் வசதி ஐபோனில் 2014இல் தொடங்கியது. இன்று பெரும்பாலான போன்களில் இயல்பாகவே இருக்கிறது. முன்பின் தெரியாத கடையில் இது காப்பாற்றும். அலுவலகத்தில் காப்பாற்றாது. அங்கே உங்கள் பெயரைக் கொடுத்துத்தான் உள்ளே நுழைகிறீர்கள். முகவரி எதுவானாலும், எந்த மேஜைக்கருகே எத்தனை மணிக்கு இருந்தீர்கள் என்பது உங்கள் பெயரிலேயே பதிவாக முடியும்.

அழைப்பு அறாமல் இருக்க, போன் எந்த அக்சஸ் பாயின்ட்டில் இருக்கிறது என்பது நெட்வொர்க்குக்குத் தெரிந்தாக வேண்டும். அதைத் தவிர்க்க முடியாது. அந்தப் பதிவை எத்தனை நாள் வைத்திருப்பது, யார் பார்ப்பது, எதற்குப் பயன்படுத்துவது என்பவை மனிதர்கள் எடுக்கும் முடிவுகள். வருகைப் பதிவுக்கோ ஊழியரைக் கண்காணிக்கவோ அதைப் பயன்படுத்தும் நிறுவனம், முதலில் ஊழியரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். உங்கள் அலுவலகத்தில் இந்த விதி எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.