உங்களுக்குத் தெரியுமா? இறந்தவரைத் தனியே விடாத மாவோரிகள்

நியூசிலாந்தின் பழங்குடிகளான மாவோரி மக்கள், இறந்தவரை அடக்கம் செய்யும்வரை தனியே விடுவதில்லை. ‘டங்கிஹங்கா’ என்ற இந்தத் துக்கம் வழக்கமாக மூன்று நாள் நடக்கும்.

• குலத்தாருக்குப் பொதுவான ‘மராய்’ மனையில் உடலைத் திறந்த பெட்டியில் கிடத்துவார்கள். நெருங்கிய உறவுப் பெண்கள் கறுப்பு உடுத்தி, தலையில் பச்சிலை வளையம் சூடி, இரவும் பகலும் பக்கத்திலேயே இருப்பார்கள்.

• துக்கம் கேட்க வருபவர்கள் இறந்தவரைப் பார்த்தே பேசுவார்கள். புகழ்ச்சி மட்டுமல்ல, மனத்தாங்கலையும் அங்கேயே கொட்டிவிடலாம்.

• நம் ஊர் மொய் போல ‘கோஹா’ உண்டு. அந்தப் பணம் சாப்பாட்டுச் செலவுக்குக் கைகொடுக்கும்.

• அடக்கத்துக்கு முந்தைய இரவில் அழுகையோடு பாட்டும் பழங்கதையும் கேலியும் கலந்திருக்கும்.

• இடுகாட்டைவிட்டு வெளியேறும்போது கைகளை நீரால் கழுவிக்கொள்வார்கள்.

• மாவோரி மன்னர் டூஹெய்டியா 2024 ஆகஸ்ட் 30 அன்று காலமானார். அவருக்கான டங்கிஹங்கா முடிந்து, செப்டம்பர் 5 அன்று டௌபிரி மலையில் அவரை அடக்கம் செய்தார்கள். அதற்கு முன்பே, அதே நாளில், அவர் மகள் அரசியாகப் பொறுப்பேற்றார்.