கடைசி மூவ் மட்டும் நியூஸா?

2024 டிசம்பர் 12. அன்னிக்கு ராத்திரி பாதிப் பேர் ஸ்டேட்டஸ்ல ஒரே வீடியோதான். செஸ் போர்டு முன்னாடி 18 வயசுப் பையன் ஒருத்தர் அழுதுக்கிட்டே காய்களைத் திரும்ப அடுக்கி வைக்கிறார். சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரனை 7.5–6.5 என்று வென்று, சென்னைப் பையன் குகேஷ் உலக சாம்பியன் ஆன நாள் அது. 1985-ல் 22 வயதில் பட்டம் வென்ற காஸ்பரோவின் சாதனை உடைந்தது.

அடுத்த சில நாள் செய்திகளை ஞாபகப்படுத்திப் பாருங்க. தமிழ்நாடு அரசு அறிவித்த 5 கோடி, பரிசுப் பணத்துக்கு எவ்வளவு வரி என்ற மீம், அவர் தமிழரா தெலுங்கரா என்ற சண்டை. ஆட்டத்தைப் பற்றிப் பேசியவர்கள் கம்மி. பேசியவர்களிலும் பலர் சொன்னது ஒரே வரிதான்: "டிங் தப்பு பண்ணார், இவர் ஜெயிச்சுட்டார்."

அந்த வரி பொய் இல்லை. ஆனா முழு உண்மையும் இல்லை.

14-வது ஆட்டத்தில் குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கணக்குப்படி ஆட்டம் டிரா. இந்த மாதிரி நிலையில் பலரும் கை கொடுத்துட்டு எழுந்துடுவாங்க. குகேஷ் விடவில்லை. ஆபத்து இல்லாமல் நகர்த்திக்கிட்டே இருந்தார். எதிராளிதான் ஒவ்வொரு முறையும் சரியான பதிலைக் கண்டுபிடிக்கணும். 55-வது மூவில் டிங் ரூக்கை மாற்றிக்கொள்ள வந்தார். அவருடைய பிஷப் ஒரு மூலையில் மாட்டியிருந்ததால், அடுத்து பிஷப்பையும் மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம். இரண்டும் போன பிறகு மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும்தான். அங்கே அந்த ஒரு சிப்பாய் போதும். மூணே மூவில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

டிங் வேண்டுமென்றே தோற்றார் என்று ரஷ்ய செஸ் கூட்டமைப்பின் தலைவர் விசாரணையே கேட்டார். நம்ம பீம் டெஸ்ட் ஞாபகம் இருக்கா? உடைந்த இடம் எல்லாருக்கும் தெரியும். ஆனா அதை உடைத்தது கடைசியாக ஏற்றிய எடை மட்டும் இல்லை. அதுக்கு முன்னாடி ஏற்றின எல்லா எடையும் சேர்ந்துதான். முதல் ஆட்டத்தில் தோல்வி, மூன்றாவதில் வெற்றி, பதினொன்றாவதில் வெற்றி, பன்னிரண்டாவதில் மறுபடி தோல்வி, நடுவில் ஒன்பது டிரா. அத்தனையும் அந்தக் கடைசி மூவுக்குள் இருக்கு.

இதே கதை 2025 ஜூனிலும் நடந்தது. நார்வே செஸ் போட்டியில் குகேஷிடம் தோற்ற கார்ல்சன் மேஜையைக் குத்தினார். அந்தக் குத்து உலகம் முழுக்க வைரல். பெரும்பகுதி நேரம் கார்ல்சனே முன்னிலையில் இருந்தார், குகேஷ் பொறுமையாகத் தடுத்து ஆடித்தான் மீண்டார் என்பது எத்தனை ரீல்ஸில் வந்தது? அந்தப் போட்டியின் பட்டத்தைக் கடைசியில் கார்ல்சன்தான் வென்றார், குகேஷுக்கு மூன்றாம் இடம் என்பது?

அப்போ செஸ் செய்தியை எப்படிப் படிக்கிறது? மூணு கேள்வி கேட்டா போதும்.

ஒன்று, எந்த வகை ஆட்டம்? 2022 பிப்ரவரியில் 16 வயது பிரக்ஞானந்தா கார்ல்சனை வென்றது ஆன்லைன் ரேபிட் ஆட்டத்தில். கிளாசிக்கல் ஆட்டத்தில் அவரை முதன்முதலாக வென்றது 2024 மே மாதம், நார்வேயில். முதலாவது நிமிஷக் கணக்கில் முடியும், இரண்டாவது மணிக்கணக்கில் நடக்கும். இரண்டுமே பெரிய வெற்றிதான். ஆனா இரண்டுக்கும் தலைப்பு ஒன்றே என்றால், நடுவில் அந்தப் பையன் இரண்டு வருஷம் வளர்ந்தது நமக்குத் தெரியாமலே போயிடும்.

இரண்டு, எந்தப் பிரிவு? 8 வயது, 10 வயது, 12 வயது என ஒவ்வொரு பிரிவிலும் வருஷா வருஷம் உலக சாம்பியன் வருவாங்க. குகேஷே 2018-ல் 12 வயதுக்குட்பட்டோர் உலக சாம்பியன். அந்தப் பட்டத்துக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் ஆறு வருஷம். சின்ன வயதில் ஜெயிச்ச எல்லாரும் அந்தத் தூரத்தைக் கடப்பதில்லை.

மூன்று, செலவை யார் சுமந்தாங்க? குகேஷின் அப்பா ரஜினிகாந்த் காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போக மருத்துவத் தொழிலை நிறுத்தினார். அம்மா பத்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. நண்பர்களும் கை கொடுத்தாங்க. கேமரா வருவதற்கு முன்னாடி நடந்தது இது.

இது ஏதோ சென்னைக் கதை இல்லை. நம்ம பள்ளிபாளையத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டினா ஈரோடு. அந்த ஊர் இனியன் 2019-ல் இந்தியாவின் 61-வது கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2025-ல் தேசிய சாம்பியனும் ஆனார். குகேஷ் பெயர் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு இனியன் பெயர் தெரியும்? கிலோமீட்டர் கணக்கில் பார்த்தா அவர்தான் நமக்குப் பக்கம்.

வெளிச்சம் வேண்டாம்னு யாரும் சொல்லலை. வெளிச்சத்தால்தான் ஸ்பான்சர் வருது, சேலத்திலும் நாமக்கல்லிலும் ஒரு அப்பா பிள்ளைக்கு செஸ் போர்டு வாங்கித் தர்றார். பிரச்சினை வேற. கடைசி மூவை மட்டும் பார்த்துக் கொண்டாடினவங்க, அடுத்த தோல்வியையும் அப்படியேதான் பார்ப்பாங்க. 2025 செப்டம்பரில் சமர்கண்டில் நடந்த கிராண்ட் சுவிஸில் குகேஷ் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றார். உடனே பழைய பேச்சு திரும்ப வந்தது: "அதிர்ஷ்டத்துல ஜெயிச்சவர்தானே?" அப்போது அவருக்கு வயசு 19. நம்ம செகண்ட் இயர் வயசு.

ஒரு அரியருக்கே நம்மை யாராவது "உனக்கு இன்ஜினியரிங் வராது"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? முழு செமஸ்டரையும் பார்த்துட்டுப் பேசுங்கன்னு சொல்வோம்ல. அதே நியாயம்தான் அந்தப் பையனுக்கும்.

அடுத்த முறை ஒரு செஸ் செய்தி ஸ்டேட்டஸில் வந்தா, ஷேர் பண்றதுக்கு முன்னாடி அந்த ஆட்டத்தை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ஆன்லைன்ல இலவசமாகவே கிடைக்குது. பத்து நிமிஷம்தான் ஆகும். அவர் அன்னிக்கு ஏன் அழுதார்னு அப்போ புரியும்.