இளநீர் கொடுத்தது தப்பா?

சித்திரை வெயிலில் வீட்டுக்கு வந்தவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பது நம் வழக்கம்தானே! என் நாத்தனாருக்கும் கொடுத்தேன். அவள் வாரம் மூன்று நாள் டயாலிஸிஸ் செய்துகொள்பவள். வெள்ளி முடிந்தால் அடுத்தது திங்கள்தான். ஞாயிறு இரவு, "அண்ணி, கை கால் வெலவெலங்குது, நெஞ்சு என்னமோ பண்ணுது" என்றாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈ.ஸி.ஜி. எடுத்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டாங்க?"

இளநீரில் பொட்டாசியம் ஏராளம். நல்ல சிறுநீரகம் மிஞ்சியதை வெளியே தள்ளிவிடும். பழுதானவர்களுக்கு அது ரத்தத்திலேயே தேங்கி, இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், நிறுத்தியும் விடுமாம். எனக்குக் குலை நடுங்கிவிட்டது. நல்லவேளை, உடனே டயாலிஸிஸ் செய்து பிழைத்தாள்.

வாழைப்பழம், ஆரஞ்சு, உலர்ந்த திராட்சையும் அப்படித்தான். காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்ட வேண்டும். (சத்து போகிறதே என்று அந்தத் தண்ணீரில் ரசம் வைத்துவிடாதீர்கள்!) 'சோடியம் குறைந்த உப்பு' என்று நான் பெருமையாக வாங்கி வைத்திருந்ததிலும் பொட்டாசியம்தான்.

நரம்பு விஷயம் வேறு. ராத்திரியில் கால் எரிகிறது, எறும்பு ஊருகிறது என்று புரளுவாள். மனக்கவலை என்று நினைத்தோம். கழிவுகள் தேங்கி நரம்பைக் கெடுப்பதால் வருவதாம். டாக்டரிடம் சொன்னால் மருந்து உண்டு.

தமரத்தங்காயை, அதுதான் ஸ்டார் பழம், கண்ணிலும் காட்டக் கூடாது. அதிலுள்ள நச்சுப் பொருளைப் பிரேசில் விஞ்ஞானிகள் 2013-இல் பிரித்தறிந்தார்கள். இவர்களுக்கு விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும். தின்றபின் விக்கல் வந்தால் சர்க்கரை போட்டுப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இப்போது அவள் வந்தால் தட்டில் நாலு ஆப்பிள் துண்டு, சின்ன டம்ளரில் அளந்த தண்ணீர். "இதுதானா உபசாரம்?" என்று சிரிக்கிறாள்.